ஓட்டக்காரன் வீடு

சாவடிக்கு முன்னால் மினி லாரியை நிறுத்தியபோது காலை மணி பதினொன்று. ஐப்பசி மழை இரண்டு நாளாக விட்டிருந்தது. ஓடைப்பட்டிப் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களிலிருந்து மருந்தடித்த வாசனை வந்தது. வாய்க்காலில் தண்ணீர் இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு போனது. பயப்பட ஒன்றுமே இல்லை. பிறந்த ஊர், பழகிய தெரு, தெரிந்த நாய்கள். கல்லில் பத்துப் பெயர் வெட்டிவிட்டுப் போக வந்திருந்தேன், அவ்வளவுதான்.

என் பெயர் மாரீஸ்வரி. தேனியில் பெரியகுளம் சாலையில் கல்வெட்டுக் கடை வைத்திருக்கிறேன். திறப்பு விழாக் கல், கோயில் உபயக் கல், கல்லறைக் கல் எல்லாம் செய்வோம். உயிரோடு இருப்பவர்கள் தங்கள் பெயரை இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொல்லி உயிரை எடுப்பார்கள். செத்தவர்கள் எதுவும் கேட்கமாட்டார்கள், அதனால் அவர்கள் வேலைதான் எனக்குப் பிடிக்கும் என்று நான் சொல்லித் திரிந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் காலம் அன்று மதியத்தோடு முடிந்தது.

கூட வந்தவர் செல்வின். பன்னிரண்டு வருடமாக என் கடையில் மெஷின் வேலை பார்க்கிறார். அவருடைய அம்மாவுக்குத் தூத்துக்குடி. வேலை நேரத்தில் வாயே திறக்கமாட்டார், அதுவே எனக்குப் பாதி நிம்மதி.

முதல் உலகப் போருக்கு எங்கள் ஊரிலிருந்து போனவர்களுக்கு நினைவுக்கல் வைக்கிறார்கள். ஏழடிக் கருங்கல்லைச் சாவடி முன்னால் ஏற்கெனவே நட்டுவிட்டார்கள். அதை இனிமேல் கடைக்குத் தூக்கிப் போக முடியாது. ஸ்டிக்கரில் எழுத்தை வெட்டிக் கொண்டுவந்து கல்லில் ஒட்டி, கைமெஷினால் அங்கேயே செதுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலை திறப்பு விழா. அன்று புதன்.

நினைவுக்கல் கமிட்டியின் தலைவர் சுயம்புலிங்கம் பெரியப்பா. பட்டாளத்தில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்து திராட்சை வியாபாரம் செய்கிறவர். மீசையைப் பார்த்தால் இன்னும் பட்டாளத்திலேயே இருக்கிறார் என்று தோன்றும்.

"வாத்தா. பத்துப் பேரு. மொத வரியில எங்க பூட்டன் ஹவில்தார் பேரு. எழுத்து கொஞ்சம் பெருசா இருக்கட்டும்" என்றார்.

"பத்துதானா பெரியப்பா?" என்றேன்.

சாவடியின் உள்சுவரில் வெள்ளைக்காரன் பதித்த சின்னப் பளிங்குப் பலகை ஒன்று இருக்கிறது. இங்கிலீஷில் இருக்கும். இந்த ஊரிலிருந்து பதினொரு பேர் பெரிய போருக்குப் போனார்கள், அதில் நான்கு பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கும். பெயர் ஒன்றும் கிடையாது, எண்ணிக்கை மட்டும்தான்.

"அது வெள்ளைக்காரன் கணக்கு. நம்ம கணக்குல பத்து" என்றார் பெரியப்பா. பிறகு குரலைத் தணித்து, "ஒனக்குத் தெரியாததாத்தா? ஓடுனவன் பேர எப்படிக் கல்லுல போடுறது?" என்றார்.

எனக்குத் தெரியும். பதினோராவது ஆள் என் பூட்டன், என் தாத்தாவின் அப்பா.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்கில், ஐப்பசி மாதம், எங்கள் ஊர் ஆட்களைப் பம்பாயில் கப்பலேற்றிக் கொண்டுபோய் ஆப்பிரிக்காவில் தாங்கா என்ற கடற்கரையில் இறக்கினார்கள். ஜெர்மன்காரன் ஊரைப் பிடிக்க வேண்டும் என்று உத்தரவு. நடந்த சண்டையில் மரத்துத் தேன்கூடுகள் கலைந்து தேனீ விரட்டி விரட்டிக் கொட்டியது. என் பூட்டன் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடிப்போனார். போர் முடிந்து ஊர் திரும்பிய ஹவில்தார் இதே சாவடியில் உட்கார்ந்து சொன்ன கதை இது. ஓடியவர் என்ன ஆனார் என்று அவருக்கும் தெரியவில்லை. "ஆளைக் காணவில்லை" என்று ஒரு காகிதம் மட்டும் வந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஓட்டக்காரன் வீடு என்று பெயர்.

நூறு வருடத்துக்கு மேலாக அந்தப் பெயர் மாறவில்லை. தபால்காரர் முதல் பால்காரர் வரை அப்படித்தான் அடையாளம் சொல்வார்கள். யாரும் வேண்டுமென்றே குத்திக் காட்டுவதில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். என் அப்பா சாகும்வரை ஒரு பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியதில்லை. கண்ணெதிரே பஸ் கிளம்பினாலும் நடந்துதான் போவார், அடுத்த பஸ்ஸில்தான் வருவார். பள்ளிக்கூடத்தில் நூறு மீட்டர் பந்தயத்தில் நான் நடந்தே போய் முடித்திருக்கிறேன். டீச்சர் அடித்தார். அப்பா அன்றைக்கு எனக்குப் பொரிகடலை வாங்கிக் கொடுத்தார்.

பிறகு ஏன் இந்த வேலையை ஒப்புக்கொண்டேன் என்று கேட்கலாம். வீம்புதான். அந்தப் பத்துப் பெயரையும் ஓட்டக்காரன் வீட்டுப் பெண்தான் செதுக்கினாள் என்று ஊர் பேசட்டும் என்று நினைத்தேன். ஆனால் ஸ்டிக்கரை எண்ணிப் பார்த்துக் கல்லில் ஒட்டும்போது பத்தாவதோடு கை நின்றது. அவர் பெயரை நான் அதுவரை வாய்விட்டுச் சொன்னதே இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

மதியம் செல்வின் சாப்பாடு வாங்கப் போனார். போகும் முன் சாவடித் திண்ணையில் இருந்த குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"உப்பு கரிக்குதுக்கா."

"போர்வெல் தண்ணி. இங்கன அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

அவர் போன பிறகு தேனியிலிருந்து கொண்டுவந்த என் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தேன். அதுவும் உப்பாக இருந்தது.

வெயில் உச்சிக்கு வந்திருந்தது. தெருவில் ஆள் இல்லை. நிழலுக்காகச் சாவடிக்குள் நுழைந்தேன். ஒரு காலத்தில் ரேஷன் கடையாக இருந்த இடம், மூடி ஆறு வருடம் ஆகிறது. தரையில் கோதுமை மாவு மாதிரித் தூசி. பழைய சாக்கு நாற்றத்துக்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது. அழுகிய பாசி, ஈர மண், உப்பு. அப்பாவின் சாம்பலைக் கரைக்க ராமேஸ்வரம் போனபோது முகர்ந்த வாசனை. இந்தப் பள்ளத்தாக்கில் மூன்று பக்கமும் மலை. கடல் எங்கிருந்து வந்தது?

அப்போது ரீங்காரம் கேட்டது.

மெஷின் சத்தம் என்று முதலில் நினைத்தேன். மெஷின் வெளியே, ஒயர் சுற்றியபடி கிடந்தது. தேன்கூடு இருக்கிறதா என்று கூரையைப் பார்த்தேன். ஓடுகளும் ஒட்டடையும் தவிர எதுவும் இல்லை.

ரீங்காரம் கூடியது.

தரையைப் பார்த்தேன். நான் நுழைந்தபோது இல்லாத தடங்கள் இருந்தன. வெறும் கால், ஈரக் கால். குதிகால் எங்கேயும் படவில்லை. விரல்களும் முன்பாதமும் மட்டும் ஆழமாகப் பதிந்திருந்தன. ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் என் எட்டில் இரண்டு எட்டு தூரம் இருந்தது.

ஓடுகிறவனின் கால்.

தடங்கள் வாசலிலிருந்து நேராகப் பளிங்குப் பலகை வரை போய்ச் சுவரில் முடிந்தன. பலகையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

கடல் தண்ணீர்.

"தண்ணி" என்றது ஒரு குரல், எனக்குப் பின்னால்.

திரும்பினேன். வாசல் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு ஓர் ஆள் நின்றிருந்தான். முழங்கால் வரை சுற்றிய துணிப்பட்டை அவிழ்ந்து தரையில் கிடந்தது. காக்கிச் சட்டை உடம்போடு ஒட்டி, நுனிகளில் நீர் வடிந்தது. சட்டை வரைக்கும் பார்த்துவிட்டு நிறுத்தியிருக்கலாம். நான் முகத்தையும் பார்த்தேன்.

முகம் இல்லை.

முகம் இருக்க வேண்டிய இடத்தில் தேனீக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருந்தன. கண் எது வாய் எது என்று தெரியவில்லை. வாய் இருக்கும் இடத்தில் அவை கொஞ்சம் விலகின.

"தண்ணி, ஆத்தா."

ஓடியிருக்க வேண்டும், யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். ஆனால் எங்கள் வீட்டுக் கால்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு அங்கேயே நின்றேன். கையில் பாட்டில் இருந்தது. நீட்டத் தோன்றவில்லை. நீட்டினாலும் அதில் இருந்தது உப்புத் தண்ணீர்தான்.

"அக்கா!" என்று செல்வின் வெளியே கூப்பிட்டார்.

வாசலில் வெளிச்சம் மட்டும் இருந்தது. செல்வின் பொட்டலத்தோடு உள்ளே வந்து இரண்டு தடவை மூச்சை இழுத்தார்.

"என்னக்கா இது? கடல் வாசம் அடிக்குது?"

அவர் தரையைப் பார்த்தார், தடங்களைப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

மாலையில் தம்பி வீட்டுக்குப் போனேன். தம்பி சுருளிராஜன் இன்னும் அந்தப் பழைய வீட்டிலேயே இருக்கிறான், கூட்டுறவு வங்கியில் வேலை. யாரோடும் மோதமாட்டான். நடந்ததைச் சொன்னேன். அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவனோ எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"தண்ணியா கேட்டாக?" என்றான்.

"தண்ணிதான்டா கேட்டாக. ஏன்?"

அவன் என் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"வருசா வருசம் ஆடி அமாவாசைக்குச் சுருளி அருவியில எள்ளுந்தண்ணியும் விடுறேன்லக்கா. மூணு தலைமுறைப் பேரக் கேப்பாரு ஐயரு. அப்பா பேரு சொல்லுவேன், தாத்தா பேரு சொல்லுவேன். மூணாவதா பூட்டன் பேரக் கேட்டா, தெரியாது சாமின்னுருவேன்."

"ஒனக்குத் தெரியுமேடா."

"அப்பாவும் அப்படித்தான்க்கா சொல்லுவாக. நான் பக்கத்துல நின்னு கேட்டுருக்கேன். சுத்தி நம்ம ஊர்க்காரக நிப்பாக. அங்கன போயி எப்படிக்கா அந்தப் பேரச் சொல்ல?"

இதை ஆரம்பித்து வைத்தவர் பூட்டனின் மனைவி கருத்தம்மாள். காகிதத்தில் காணவில்லை என்றுதான் இருந்தது, செத்தார் என்று இல்லை. அதனால் அந்த அம்மாள் தாலியைக் கழற்றவில்லை, பொட்டை அழிக்கவில்லை, யாரும் தண்ணீர் விடக்கூடாது என்று மகனிடம் சத்தியம் வாங்கிவிட்டார். உயிரோடு இருக்கிறவருக்கு எதற்கு எள்ளும் தண்ணீரும் என்று கேட்டாராம். அவர் ஆசையால் செய்ததை நாங்கள் வெட்கத்தால் தொடர்ந்தோம். எங்கள் வீட்டில் எல்லாச் சாவுக்கும் தண்ணீர் விட்டிருக்கிறோம், ஒருவரைத் தவிர.

"அப்ப நாளைக்கே போயி விட்டுருவோமாக்கா?" என்றான் தம்பி.

"பேரச் சொல்லாம எப்படிடா தண்ணி விடுவ? மொதல்ல பேரு. ஒளிஞ்சு மறைஞ்சு இல்ல. இதே ஊர்ல, இதே சாவடியில."

"பெரியப்பா விடமாட்டாருக்கா."

"அவரக் கேட்டாத்தானடா விடமாட்டாரு."

மறுநாள் வியாழக்கிழமை காலையிலேயே ஆரம்பித்து, பதினொன்றரை மணிக்குள் பத்துப் பெயரையும் முடித்துவிட்டோம். ஹவில்தார் பெயரைக் கேட்டபடி பெரிதாகவே வெட்டினேன், வேலையில் நான் வஞ்சகம் செய்யமாட்டேன். பெரியப்பா வந்து பார்த்து, தடவிப் பார்த்து, சாப்பிடப் போனார். செல்வின் மெஷினை அணைக்கக் கை நீட்டினார்.

"அணைக்காத. இன்னும் ஒரு பேரு இருக்கு" என்றேன்.

"ஸ்டிக்கர் இல்லையேக்கா."

"கையாலதான் எழுதணும்."

சாக்பீஸால் கோடு போட்டேன். சூரியன் தலைக்கு மேலே வந்திருந்தது. முதல் எழுத்தில் மெஷினை வைத்த உடனே கரண்ட் போனது. மெஷின் நின்றது.

ரீங்காரம் நிற்கவில்லை.

எனக்குப் பின்னால், ஒரு கை தூரத்தில் கேட்டது. கடல் வாசனை மூக்கில் ஏறியது. செல்வின் எனக்குப் பக்கவாட்டில், கல்லின் ஓரத்தில் என்னைப் பார்த்தபடி நின்றிருந்தார். அவர் கண் என் தோளுக்கு மேலே போய் அங்கேயே நின்றது. முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது.

"அக்கா" என்றார், உதடு மட்டும் அசைய. "திரும்பிப் பாத்துறாதீக."

உளியையும் சுத்தியலையும் எடுத்தேன்.

கை நடுங்கினால் எழுத்து கோணும். கோணினால் கல்லில் அழிக்க முடியாது. அந்தப் பயத்தில்தான் மற்ற பயத்தை அடக்கினேன். என் முழங்கையில் ஒரு தேனீ வந்து உட்கார்ந்தது, பிறகு பத்து, பிறகு தோலே தெரியவில்லை. ஒன்றும் கொட்டவில்லை. கழுத்தில் ஒரு சொட்டு நீர் விழுந்து முதுகில் இறங்கியது.

"தண்ணி."

"தாரேன்" என்றேன். என் குரலை எனக்கே அடையாளம் தெரியவில்லை. "நாளைக்குத் தாரேன். ஊர் பாக்கத் தாரேன். இப்ப வேலை செய்ய விடுங்க."

அதட்டிவிட்டேன். பேயை அதட்டுகிறோமே என்று தோன்றவே இல்லை. எங்கள் வீட்டு ஆள்தானே.

கடைசி எழுத்தின் வளைவை முடித்துவிட்டு உளியைக் கீழே வைத்தேன். பிறகு வாய்விட்டுப் படித்தேன்.

"சுருளியாண்டி."

ரீங்காரம் நின்றது. கையில் ஒரு தேனீகூட இல்லை. செல்வின் அப்படியே மண்ணில் உட்கார்ந்து கையைக் கூப்பிக்கொண்டு அழுதார். அவர் பார்த்ததை நான் கேட்கவில்லை, அவரும் இதுவரை சொல்லவில்லை. இரண்டு பேரும் கல்லின்மேல் துணியைப் போட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டினோம்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஊரே திரண்டிருந்தது. மேளம், மாலை, மைக். பெரியப்பா பட்டாளத்துத் தொப்பி போட்டு, மெடல்கள் குத்தி வந்திருந்தார். தன் பூட்டன் தாங்கா மண்ணில் எப்படிக் கால் பதித்தார் என்று அரைமணி நேரம் பேசினார். பிறகு கயிற்றை இழுத்தார். துணி விழுந்தது. கைதட்டல் பாதியில் நின்றது. யாரோ விரல் விட்டு எண்ணுவது கேட்டது.

"பதினொன்னு இருக்கு!"

பெரியப்பா கிட்டே போய்ப் படித்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

"யாரக் கேட்டு வெட்டுன?"

"வெள்ளைக்காரன் கணக்கு சரியா இருந்துச்சு பெரியப்பா. அதான் வெட்டுனேன்."

"ஓடுனவன்த்தா அவன்! எங்க பூட்டன் கண்ணால பாத்தாரு!"

மைக் திறந்தே இருந்தது. அதற்குள் நானும் மைக்குக்குப் பக்கத்தில் வந்திருந்தேன்.

"ஓடுனாக. நான் இல்லைன்னு சொல்லல. கடலே பாக்காத மனுசனக் கப்பல்ல ஏத்தி, எவன் ஊரையோ பிடிக்க எவனோ அனுப்புனான். முன்னால துப்பாக்கி, மேல தேனீ. ஓடாம என்ன செய்வாக? மூணு நாள்ல தோத்துப்போயி அம்புட்டுப் பேரும் படகுக்குத் திரும்பித்தான வந்தாக? உங்க பூட்டன் மட்டும் கடல் மேல நடந்தா ஊருக்கு வந்தாரு?"

கூட்டத்தில் ஒருவர் சிரித்துவிட்டு உடனே இருமினார். பெரியப்பாவுக்கு முகம் கறுத்தது.

"ஏலே, சிமெண்டு கொண்டாங்கடா. இப்பவே பூசி மூடு அந்த வரிய!"

கல்லுக்குப் பீடம் கட்டிய கொத்தனார் கரண்டியில் கலவையை அள்ளிக்கொண்டு வந்தார். கல்லுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றேன். தம்பி எழுந்தான். யாரோடும் மோதாத என் தம்பி நடந்து வந்து என் பக்கத்தில் நின்றான். கொத்தனார் எங்களைச் சுற்றிக்கொண்டு வந்து கரண்டியை ஓங்கினார்.

சாவடிக்குள்ளிருந்து ரீங்காரம் வந்தது.

இந்த முறை எல்லோருக்கும் கேட்டது. மேளக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

இருண்ட வாசலிலிருந்து அது வெளியே வந்தது. முதலில் புகை போலத்தான் இருந்தது.

"தேனீ!"

ஊர் ஓடியது. நாற்காலிகள் உருண்டன, செருப்புகள் கிடந்தன, மேளம் தனியாக உருண்டு போனது. பெண்கள் முந்தானையை மூடிக்கொண்டு ஓடினார்கள், ஆண்கள் வேட்டியைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். எல்லோருக்கும் முன்னால் சுயம்புலிங்கம் பெரியப்பா, அறுபத்தெட்டு வயதில், மெடல்கள் குலுங்க ஓடினார். அவ்வளவு பேரும் ஒரே திசையில்தான் போனார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. தொப்புத் தொப்பென்று வாய்க்காலில் விழுந்தார்கள்.

நானும் தம்பியும் நின்ற இடத்தில் நின்றோம். பழக்கதோஷம். தேனீக்கள் எங்கள் காதோரம் உரசிக்கொண்டு போயின. ஒன்றுகூட எங்களைத் தொடவில்லை. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து, கல்லில் பத்தாவது வரிக்குக் கீழே அடர்த்தியாக அமர்ந்தன.

வாய்க்காலைப் பார்த்தேன். கழுத்தளவு தண்ணீரில் தலை தலையாக என் ஊர். இரண்டு நாளாக அந்த ஈரத்துக்கும் உப்புக்கும் ஓடுகிற தடத்துக்கும் அர்த்தம் தேடிக்கொண்டிருந்தேன். அது கண்ணெதிரே மிதந்தது.

கரைக்கு நடந்து போனேன். பெரியப்பா கரையோரம் முங்கி எழுந்தார். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

"பெரியப்பா, ஏன் வாய்க்கால்ல குதிச்சீக?"

"என்னத்தா கேக்குற? தேனீ கொட்டுனா தண்ணிக்குத்தான ஓடணும்? நம்மூர்ல சின்னப்புள்ளைக்கும் தெரியுமே."

"அவுகளுக்கும் அதுதான தெரியும். அவுகளும் நம்மூருதான?"

பெரியப்பா தன்னைச் சுற்றியிருந்த தண்ணீரைப் பார்த்தார்.

"அங்கன அவுக கண்ணுக்குத் தெரிஞ்ச தண்ணி கடல்தான் பெரியப்பா. வாய்க்கால்னு நெனச்சு எறங்கிருப்பாக. அது ஆளை விடுற தண்ணியா? இன்னும் தாகம் தீரல அவுகளுக்கு."

பெரியப்பா இடது கையால் முகத்தைத் துடைத்தார். நெஞ்சில் மெடல்கள் தண்ணீருக்குள் மின்னின.

"கொத்தனாரே" என்று கரண்டியோடு தண்ணீரில் நின்றவரைக் கரகரத்த குரலில் கூப்பிட்டார். "அந்தக் கரண்டியக் கீழ போடு. பேரு இருக்கட்டும்."

தம்பி வாய்க்காலில் இறங்கி ஒரு சொம்பு தண்ணீர் மொண்டான். எள் எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். சட்டைப் பையில் முடிந்து வைத்திருந்தான், காலையிலேயே தயாராகத்தான் வந்திருக்கிறான். கல்லுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, ஊர் முழுக்கத் தண்ணீரில் நின்று பார்க்க, சத்தமாகச் சொன்னான்.

"எங்க பூட்டன் சுருளியாண்டிக்கு."

மூன்று முறை சொல்லி மூன்று முறை தண்ணீர் விட்டான். மூன்றாவது முறை அவன் குரல் உடைந்தது. எனக்கும் அழுகை வந்தது. வெட்கப்படாமல் அழுதேன். தேனீக்கள் எழுந்து, சாவடி ஓட்டுக்கு மேலே போய், மலைப் பக்கம் மறைந்தன. பிற்பகலில் நான்கு ஆட்கள் சாவடி முழுக்கத் தேடினார்கள். கூடும் இல்லை, மெழுகும் இல்லை, செத்த தேனீ ஒன்றுகூட இல்லை.

இத்தோடு முடிந்தது என்று நினைத்துத் தேனிக்குத் திரும்பினேன். சனிக்கிழமை விடிந்து வெயில் ஏறியதும் தம்பி போன் செய்தான்.

"அக்கா, வாக்கா" என்றான், மெல்ல. "வந்து பாரு. யார்ட்டயும் சொல்லாத."

ராத்திரி தூறல் போட்டிருந்தது. கல்லடியிலிருந்து தெருவில் தடம் தொடங்கியது. வெறும் கால், வலதும் இடதும். ஓரங்களில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. குனிந்து பார்த்தேன். குதிகால் முழுக்கப் பதிந்திருந்தது. ஒரு தடத்துக்கும் அடுத்ததற்கும் சின்ன இடைவெளிதான். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவரின் நடை. எங்கேயும் அவசரம் இல்லை. பால்காரர் வீட்டு முன்னால் கொஞ்சம் நின்று, தெருவைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

தடம் எங்கள் வீட்டுக்குத் திரும்பியது. வாசற்படி ஏறியது. கூடத்தின் சிமெண்டுத் தரையில் ஈரமாகப் போய்க் குடத்தின் பக்கத்தில் நின்றது. ராத்திரி தம்பி நிரப்பி வைத்த குடம் காலி. கவிழ்த்து வைத்திருந்த டம்ளர் நிமிர்ந்திருந்தது, விளிம்பில் வெள்ளையாக உப்பு. அங்கிருந்து தடம் உள்ளறைக்குப் போனது. அது கருத்தம்மாள் படுத்து எழுந்த அறை, பகலிலும் இருட்டு.

திரும்பி வந்த தடம் இல்லை. கூடத்திலும் இல்லை, வாசலிலும் இல்லை, தெருவிலும் இல்லை.

தம்பி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். உள்ளறைக் கதவு ஒருக்களித்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம், தூங்குகிறவரின் மூச்சு மாதிரி, மிக மெல்லிய ரீங்காரம் கேட்டது.

"உள்ளதான் இருக்காகளாக்கா?" என்று கிசுகிசுத்தான்.

குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தேன்.

"இருக்கட்டும்டா. அவுக வீடு" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனேன்.